வலது விலகு

ஜூன் 3

அன்புள்ள விசிலுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர நீ வேறு வழி வைக்கவில்லை. போன் செய்தால் "கிளாஸ் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைத்துவிட முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். பதினேழு வருடமாகத் தனித்தனி வீட்டில் இருந்தாலும் என் கையெழுத்து உனக்கு மறந்திருக்காது.

பள்ளிக்கு இந்த ஆண்டு நூறு வயது. தலைமை ஆசிரியர் நூற்றாண்டு மலர் போடுகிறார். மனிதர் கணக்கு வாத்தியார் என்பதால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆறே பக்கம், படம் உட்பட, என்று அளந்து கொடுத்துவிட்டார். உடற்கல்வியின் வரலாறு என் தலையில் விழுந்திருக்கிறது. ஓடச் சொன்னால் ஓடுவேன், எழுதச் சொன்னால் எப்படி என்று கேட்டேன். டிசம்பரில் ஓய்வு பெறப் போகிறவருக்குத் தெரியாத வரலாறா என்று வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு வாரமாக விளையாட்டுச் சாமான் அறையில்தான் குடியிருக்கிறேன். கிழிந்த வலை, காற்றுப்போன பந்து எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மரப்பெட்டி. உள்ளே மரத்தில் கடைந்த டம்பெல்கள் முப்பத்தாறு ஜோடி! தூக்கினால் கனமே இல்லை. அந்தக் காலத்தில் பலத்துக்காக அதைத் தூக்கவில்லையாம். பியானோ வாசிக்க வாசிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் நீட்டி மடக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் டிரில் மாஸ்டரின் நோட்டும் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: "கட்டளை காதில் விழுந்ததும் உடல் நகர வேண்டும். யோசிக்கும் பிள்ளை வரிசையைக் கெடுக்கும்." படித்ததும் சல்யூட் அடிக்கத் தோன்றியது.

பெண்கள் பிரிவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கிற பதிவேடெல்லாம் உன் கையெழுத்து, பாதி புரியவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் காற்சட்டை எந்த ஆண்டு வந்தது, மனிதப் பிரமிடு எந்த ஆண்டு தொடங்கினோம், கொஞ்சம் எழுதி அனுப்பு. கடைசி பிரமிடின் போட்டோ கிடைத்திருக்கிறது. பதினோரு பிள்ளைகளும் அழகாக நிற்கிறார்கள், உச்சியில் நம் சிட்டு. அதை மலரில் போடப் போகிறேன். அவள் விழுந்ததைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. இரண்டே வரியில் முடித்துவிட்டேன்: "விசில் சற்றுத் தாமதமானதால் பிள்ளைகள் குழம்பி, ஒரு மாணவி விழுந்து காயமுற்றாள். அத்தோடு பிரமிடு நிறுத்தப்பட்டது." உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே.

முழங்கால் மழைக்கு முந்திக்கொண்டு வலிக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எட்டு எண்ணுவதற்குள் பதினோரு சொட்டு.

அன்புடன்,
உன் எட்டு


ஜூன் 14

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எட்டு எண்ணாமல் உங்களுக்கு எதுவும் ஓடாது என்று தெரியும், குழாய்ச் சொட்டையுமா? வாஷர் தேய்ந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள், நீங்களே கழற்றி வீட்டைக் குளமாக்க வேண்டாம்.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் நாற்காலி உடற்பயிற்சி நடத்துகிறேன். உட்கார்ந்தபடியே கையைத் தூக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது. இருபத்திரண்டு பேர். ஒரே நேரத்தில் எல்லோரும் கை தூக்கியதாக வரலாறே இல்லை. ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் நான் சொல்வதற்கு முன்பே தூக்குவார், அவருக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மா அடுத்த நாள்தான் தூக்குவாள். உங்கள் முதல் மாஸ்டர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்டது: காற்சட்டை, நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. பெற்றோர் கூட்டத்தில் பெரிய ரகளை நடந்ததே, மறந்துவிட்டீர்களா? பிரமிடு அதற்கு அடுத்த ஆண்டு. இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். கருவி இல்லாமல் உடம்பை மட்டும் வைத்துச் செய்கிற இந்தப் பயிற்சிக்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து 'காலிஸ்தெனிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்று அழகு, இன்னொன்று வலிமை. ஆரம்பத்தில் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கான பயிற்சிக்குத்தான் அந்தப் பெயர் வழங்கியது. ஆண்கள் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு நன்றாக மனப்பாடம், நீங்கள் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

இனி அந்த இரண்டு வரி.

என்னை விசில் என்று கூப்பிடாதீர்கள். கல்யாணமான புதிதில் செல்லமாக இருந்தது. விசாரணைக்குப் பிறகு அது என் மேல் போட்ட குற்றத்தின் பெயர்.

விசில் தாமதமாகவில்லை. உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். சிட்டு உச்சியில் நிற்பாள், ஒரு கால் இடது பக்கப் பெண்ணின் தோளில், ஒரு கால் வலது பக்கப் பெண்ணின் தோளில். இறங்கும்போது முழு எடையையும் வலது பக்கப் பெண்ணின் மேல் மாற்றிக்கொள்வாள். நீங்கள் "இடது விலகு" என்பீர்கள், நான் விசில் ஊதுவேன், இடது பக்கப் பெண் விலகுவாள், சிட்டு மற்றவளின் முதுகு வழியாகச் சறுக்கி இறங்குவாள். அன்றைக்கு நீங்கள் "வலது விலகு" என்றீர்கள். என் வாயில் விசில், அது ஊதியாகிவிட்டது. வலது பக்கப் பெண் சொன்ன பேச்சுக் கேட்டு விலகினாள். சிட்டு ஆள் உயரத்துக்கும் மேலிருந்து விழுந்தாள். இடுப்பில் மூன்று முறை அறுவை செய்தும் கால் குட்டையாகத்தான் நின்றது.

அன்று மாலை சமையலறையில் நாம் பேசினோம். ஒருவர் வேலையாவது நிற்க வேண்டும் என்றீர்கள். நான்தான் சொன்னேன், "உங்களுக்கு எண்ணுறதைத் தவிர வேற என்ன தெரியும், நான் போறேன்"னு. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். விசில் தாமதம் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன்.

எனக்காகக் கேட்கவில்லை. சிட்டு ஒவ்வொரு ஆண்டும் எனக்குக் கடிதம் போடுகிறாள். பதின்மூன்று வயதில் தொடங்கியது, இப்போது முப்பது. இந்த ஆண்டும் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "மிஸ், அன்னிக்கு நான் தப்பான பக்கம் சாஞ்சதாலதான் உங்க வேலை போச்சு. என்னை மன்னிச்சிருங்க." பதினெட்டு கடிதம், பதினெட்டிலும் இதே மன்னிப்பு.

பழைய மாணவர்கள் எல்லோருக்கும் மலர் போகும் என்று எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அவளுக்கும் போகும். நடந்ததை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 25

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மனசு புண்பட்டுப்போச்சு. உண்மையைச் சொல்கிறேன், நான் "இடது" என்றுதான் சொன்னேன். என் காதில் இன்னும் கேட்கிறது. முப்பத்தைந்து ஆண்டு டிரில் நடத்தியவனுக்கு இடது வலது தெரியாதா? என்ன பேச்சு இது!

சமையலறையில் பேசினோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன பேசினோம்? விசில் ஒரு நொடி பிந்தியிருக்கலாம் என்று நீயேதான் அழுதாய். அதனால்தான் நீ எழுதிக் கொடுத்தாய். விசாரணை அறிக்கை என் முன்னால் இருக்கிறது, கீழே உன் கையெழுத்து. பதினெட்டு வருஷம் கழித்து வந்து வேறு கதை சொன்னால் நான் எதை நம்புவது?

சிட்டுவை நான் மறந்துவிடவில்லை. சனிக்கிழமை தவறாமல் நம் வீட்டில்தானே சாப்பிடுவாள். தட்டை வைத்ததும் எட்டு எண்ணிவிட்டுத்தான் கை வைப்பாள், என்னைக் கேலி செய்ய. நமக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் அவளைப் போல இருக்கட்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவள் அப்படி எழுதுவது எனக்குத் தெரியாது. நீ ஏன் சொல்லவில்லை?

நீ சொன்ன கிரேக்கச் சொல்லைச் சேர்த்துவிட்டேன். ஸ்வீடனில் கருவியில்லாமல் உடலை நிமிர்த்தும் முறை, ஜெர்மனியில் கம்பியும் கட்டையும் என்று இரண்டு தரப்பு சண்டை போட்டதையும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். நூறு ஆண்டு முன்னால் நம் மைதானத்தில் இரண்டும் கலந்து நடந்திருக்கிறது. தலைமை ஆசிரியர் படித்துவிட்டு, "ஆறு பக்கத்துக்கு ஐரோப்பாவே வந்துருச்சே" என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

குழாயை நானே கழற்றினேன். வீடு குளம்.

அன்புடன்,
நான்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறீர்கள்.

நான் வீட்டை விட்டு வந்த காரணத்தை நீங்கள் கேட்டதேயில்லை. சிட்டு விழுந்து ஒரு வருடம் இருக்கும். தையல் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், "இவளோட விசில் ஒரு செகண்ட் லேட், அவ்வளவுதான், யார் மேலயும் தப்பில்லை"ன்னு பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியாளுக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அவர் போன பிறகு என்னிடமும் அதையே சொன்னீர்கள், என் தோளைத் தட்டி, என்னை மன்னித்தவர் மாதிரி. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். அதில் நீங்கள் எங்கே? இருக்க மாட்டீர்கள். எப்போதும் பிள்ளைகளுக்கு எதிரே நின்று அவர்களைப் பார்த்தபடி கட்டளை கொடுப்பீர்கள். எதிரே நிற்கிறவனுடைய இடது கைப் பக்கம் இருப்பது பிள்ளைகளின் வலது. அதனால் உங்கள் இடது கைப் பக்கம் நிற்பவர்களை "வலது" என்று கூப்பிட்டே உங்கள் வாய் பழகியது. அன்றைக்குப் படம் மறைக்கிறது என்று போட்டோக்காரர் உங்களைத் தள்ளிப்போகச் சொன்னார், நீங்கள் பிரமிடுக்குப் பின்னால் போய் நின்றீர்கள். பின்னால் நிற்கிறவனுக்கு அவன் இடதும் பிள்ளைகளின் இடதும் ஒன்றுதான். வாய்க்கு அது தெரியவில்லை.

நம்பாவிட்டால் நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். என்ன வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூலை 9

அன்புள்ள உனக்கு,

மூன்று நாள் வீம்புக்குச் செய்யாமல் இருந்தேன். நாலாம் நாள் செய்தேன்.

ஏழாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், இரண்டு வரிசை. எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். ஒரு வரிசை மட்டும் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான். மனசுக்குள் திட்டமாகச் சொல்லிக்கொண்டேன், இடது வரிசை, இடது வரிசை என்று. முதல் எட்டு சரியாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உனக்கு எழுதப் போகிற வரியைக்கூட யோசித்துவிட்டேன். இரண்டாவது எட்டில் என் கண் இடது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் "வலது" என்றது. வலது வரிசை இருபது பேரும் கை தூக்கினார்கள். நான் இடது வரிசையைப் பார்த்து, "ஏன்டா தூக்கலை?" என்று அதட்டினேன். ஒரு பெண் திரும்பி, "சார், நீங்க வலதுன்னுதான் சொன்னீங்க" என்றாள். இல்லை என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

மறுபடி செய்தேன். மறுபடியும் வலது. மூன்றாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு கவனமாகச் சொன்னேன், என் காதில் "இடது" என்றுதான் கேட்டது. தூக்கியது வலது வரிசை.

பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நான்தான். பதினெட்டு வருஷமாக என் காதே எனக்குப் பொய் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உன் தோளைத் தட்டியிருக்கிறேன். உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன். மன்னித்துவிடு.

அந்த இரண்டு வரியை அடித்துவிட்டேன். புதிதாக எழுதியதைக் கீழே தருகிறேன்: "கட்டளை கொடுத்த உடற்கல்வி ஆசிரியர், அதாவது இந்தக் கட்டுரையை எழுதும் நான், இடது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வலது என்று சொன்னேன். மாணவி சரியான பக்கமே சாய்ந்திருந்தாள். விலகிய மாணவியும் சொன்னபடியே செய்தாள். விசில் ஊதிய ஆசிரியை மீது எந்தத் தவறும் இல்லை. விசாரணையில் இது மறைக்கப்பட்டது."

தலைமை ஆசிரியர் முகம் வெளுத்துப்போனது. விழா மலரில் இழவுச் சேதி எதற்கு, ஓய்வு பெறுகிற நேரத்தில் எதற்கு வேண்டாத வம்பு என்றார். அந்தப் பத்தி இல்லாவிட்டால் ஆறு பக்கமும் இல்லை என்றேன். ஒரு நாள் யோசித்துச் சரி என்றார். அச்சுக்குப் போய்விட்டது.

முதல் மாஸ்டரின் நோட்டை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டேன். யோசிக்கும் பிள்ளை வரிசையைக் கெடுக்கும் என்று எழுதியிருந்தாரே. வலது பக்கம் நின்ற அந்தப் பெண் அன்றைக்கு ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. யோசிக்காமல் இருக்கத்தானே நான் நாலு மாதம் பழக்கினேன்.

உன்,
நான்


ஜூலை 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி வகுப்பில் அப்படியே நின்றுவிட்டேன். ரயில் டிரைவர், "டீச்சர், சிக்னல் விழலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சாமான் அறைக்குப் போய் நன்றாக அழுதேன். பதினெட்டு வருடம் நான் பைத்தியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இன்னொருவரும் சொல்லிவிட்டார்.

உங்களை மன்னிக்கிறேன். எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன், அடிக்கத் தோன்றவில்லை, அதனால் நிஜமாகத்தான் இருக்கும். ஓய்வு பெறும் நாளுக்கு வரலாமா என்றுகூட யோசிக்கிறேன். யோசிக்கத்தான் செய்கிறேன், உடனே வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

ஆனால் அச்சடித்த காகிதம் போதாது. சிட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகப் படிக்கிறவள்தான், எனினும் இதை அவள் தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாது. நேரில் போங்கள். நான் போய்ச் சொன்னால் என் மேல் இருக்கிற பாசத்தில் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைப்பாள். சொன்ன வாயே போய்ச் சொல்ல வேண்டும்.

என் பங்கையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் பதில் போட்டேன். "பழசை நினைத்து வருத்தப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான் எழுதினேன். உன்மேல் தப்பில்லை என்று ஒருமுறைகூட எழுதவில்லை. எழுதினால், அப்படியானால் யார் மேல் என்று கேட்பாளே. உங்களை விட்டு வந்த பிறகும் உங்களைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. குழந்தை ஒருத்தியை அடகு வைத்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். முகவரி பின்பக்கத்தில். மதியம் போங்கள், கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


செப்டம்பர் 12

அன்புள்ள உனக்கு,

மலர் நேற்றுக் கைக்கு வந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு இன்று மதியமே சிட்டுவைப் பார்த்துவிட்டு வந்தேன். உடைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

கடையின் பின்பக்கம் சின்ன மேஜை, அதன் மேல் விளக்கு. கண்ணாடிச் சில்லை வட்டமாகத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக்கொண்டிருந்தாள். காலில் உயரம் கூட்டிய செருப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள், எழுவதற்கு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு சார்!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, கேட்காமலே துடைத்து, ஆடிக்கொண்டிருந்த திருகாணியை இறுக்கிக் கொடுத்தாள்.

அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"சார், நீங்க வலதுன்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் வலது பக்கம் நின்னுட்டிருந்தேன்."

வலது என்று சொன்னதுதான் தப்பும்மா, நீ சரியான பக்கம்தான் நின்றாய் என்றேன்.

"நீங்க தப்பா சொல்ல மாட்டீங்க சார். பழகும்போது இடதுன்னு பழகினோம், அன்னிக்கு மாத்தியிருப்பீங்க. நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் நின்றதைச் சொன்னேன், ஏழாம் வகுப்பில் செய்து பார்த்ததைச் சொன்னேன், மேஜை மேல் இரண்டு கண்ணாடிக் கூடுகளை நிறுத்தி விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ் பேர்ல இருந்த பழி போகணும்னு நீங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்க. உங்க மனசு யாருக்கு வரும் சார்" என்றாள். அழுதாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை, எட்டு வயது. பள்ளி விடுமுறை என்பதால் கடைக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. என்ன விளையாடுவாய் என்று கேட்டேன். சிட்டுதான் பதில் சொன்னாள், "அவளுக்கு பி.டி. கிளாஸ் கிடையாது சார். வருஷா வருஷம் லெட்டர் எழுதிக் குடுத்துருவேன். எனக்குப் பக்கம் தெரியாது, அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்"னு.

கிளம்பும்போது நீ என்னை மன்னித்துவிடும்மா என்றேன். "அய்யோ, நான் மன்னிக்கிறதா, எப்பவோ மன்னிச்சாச்சு சார்" என்று சிரித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் காற்று. நீண்ட நாள் கழித்து மனசு லேசாக இருந்தது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், அவளும் மன்னித்துவிட்டாள். இனி என்ன இருக்கிறது?

டிசம்பர் இருபதாம் தேதி கடைசி நாள். உன் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன், வெள்ளையும் அடித்துவிட்டேன், திட்டாதே. குழாயை ஆள் வைத்து மாற்றியாகிவிட்டது. வந்துவிடு.

உன்,
எட்டு


செப்டம்பர் 23

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. ஊருக்குக் கிளம்பக் கட்டியிருந்த பையைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், கட்டியிருந்தேன். அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அவள் மன்னித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மை அவள் எப்படி மன்னிப்பாள்? நாம் என்ன செய்தோம் என்றே அவளுக்குத் தெரியாது. வேலையை விட்டு வந்து, பஸ் ஏறி வந்து, மனைவிக்காகப் பொய் சொல்கிற நல்ல மனிதர் ஒருவரைத்தான் அவள் அன்றைக்குப் பார்த்தாள். அவரிடம் அன்பாக நடந்துகொண்டாள். அதை வாங்கிக்கொண்டு நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தீர்கள்.

தன் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை அவள் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாள். நீங்கள் மறந்ததை, நான் மறைத்ததை அவள் ஒருத்திதான் மறக்கவில்லை. வலது என்று சொன்னீர்கள் என்பதைச் சாட்சி மாதிரி சொல்கிறாள். ஆனாலும் குற்றவாளி தான்தான் என்கிறாள், ஏனென்றால் சார் தப்பாகச் சொல்ல மாட்டார். அப்படி நம்பப் பழக்கியது நாம் இரண்டு பேரும். பழக்கிவிட்டு, பதினெட்டு வருடம் காயவிட்டோம். தப்பாகக் கூடிய எலும்பு மாதிரி அது இறுகிவிட்டது. இப்போது அந்தக் குழந்தைக்கும் பக்கம் தெரியாது என்று லெட்டர் எழுதிக் கொடுக்கிறாள். எட்டு வயதுக் குழந்தை, ஓடாமல் கடையில் உட்கார்ந்து படம் வரைகிறது.

நான் சிட்டுவின் ஊருக்குப் போகப் போகிறேன். இல்லத்தில் சொல்லிவிட்டேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். நான் பொய் எழுதிக் கொடுத்தேன், அது என் கையெழுத்து என்று அவளிடம் சொல்வேன். என்னையும் நம்ப மாட்டாள். மறு வாரமும் சொல்வேன். குழந்தையை மாலையில் அரைமணி நேரம் என்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்பேன். கட்டளையெல்லாம் கிடையாது, சும்மா ஓடட்டும். அனுப்புவாளா என்று தெரியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து நான்தான் என்று எழுதினீர்களே, அந்த மனிதருக்காகப் பையைக் கட்டினேன். தலைமை ஆசிரியரோடு சண்டை போட்டு அச்சடித்ததும் பெரிய காரியம், அதை மறக்க மாட்டேன். ஆனால் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மனசு லேசாகிவிட்டது என்று எழுத உங்களால் முடிந்தது. அந்த ஒரு வரியோடு என்னால் ஒரே வீட்டில் இருக்க முடியாது. எத்தனை தரம் படித்துப் பார்த்தாலும் முடியவில்லை.

டிசம்பருக்கு வர மாட்டேன். இனிக் கடிதம் வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன், அதனால் உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் காலையில் கொடுங்கள், ராத்திரி வேண்டாம். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்றைக்கு விசில் ஊதியவள்